உலக்கைப் பிடியும் கோலப் பிடியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனதும் ஒரே மாதிரிக் கடிதங்களாக வரத் தொடங்கிவிடும். கலர் அடிக்கத் தெரியவில்லை, கோட்டுக்கு வெளியே போகிறது, பென்சில் பிடிக்க வரவில்லை என்று கவலையோடு எழுதுகிறார்கள். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, விரல் வேலைக்கும் வண்ணத்துக்கும் உள்ள தொடர்பைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி. சேர்த்திருக்கிறோம். க்ரேயானை உலக்கை பிடிப்பதுபோல மூடிய கையில்தான் பிடிக்கிறான். "பிடியே சரியில்லை, வீட்டில் பழக்குங்கள்" என்கிறார் மிஸ். நான் விரலைப் பிடித்து வைத்தால் உதறிக்கொண்டு ஓடிவிடுகிறான். என்ன செய்யலாம்?
(ஒரு தாய், மன்னார்குடி)

பதில்: உலக்கை என்று சரியாகத்தான் சொன்னீர்கள். எல்லாக் குழந்தையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒன்று, ஒன்றரை வயதில் மூடிய கைக்குள் குச்சி இருக்கும். தோளிலிருந்து மொத்தக் கையும் ஆடும். இரண்டு, மூன்று வயதில் உள்ளங்கை கவிழ்ந்து, ஆட்காட்டி விரல் குச்சியின் முனையை நோக்கி நீளும். ஆட்டம் முழங்கைக்கு இறங்கும். மூன்றரை, நாலு வயதில் குச்சி விரல் நுனிகளுக்கு வரும். ஆனால் விரல் அசையாது, மணிக்கட்டுதான் அசையும். கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தாமே மடங்கி நீண்டு கோடு இழுப்பது நாலரை வயதுக்கும் ஆறு வயதுக்கும் நடுவில்தான் வரும். உங்கள் மகன் சற்றுப் பின்னால் இருக்கிறான். பயப்படும்படி ஒன்றுமில்லை.

விரலைப் பிடித்து வைப்பது ஏன் பலிக்கவில்லை என்றால், பிடி என்பது சொல்லிக்கொடுத்து வருவது குறைவு, தோளும் மணிக்கட்டும் உறுதிப்பட்ட பிறகு தானாக அமைவதுதான் அதிகம். பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பே தெரியாது, எல்லாம் குருத்தெலும்பாக இருக்கும். அங்குள்ள 8 சிறு எலும்புகளில் பெரும்பாலானவை எக்ஸ்ரேயில் தெரிய வரவே ஆறு, ஏழு வயதாகிவிடும். அந்தக் கையைத்தான் மூன்றரை வயதில் நாலு கோடு நோட்டுக்குள் உட்கார வைக்கப் பார்க்கிறோம்.

குழந்தையின் விரலைத் தொடாதீர்கள். குச்சியையும் காகிதத்தையும் மாற்றுங்கள்.

முதலில், மெழுகு க்ரேயானின் தாளை உரித்துவிட்டு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் துண்டாக உடையுங்கள். மூடிய கையில் அத்தனை சின்னத் துண்டைப் பிடிக்க இடமே இருக்காது. விரல் நுனிகள்தான் வந்தாக வேண்டும். முழுக் க்ரேயானைக் கொடுத்துவிட்டு "சரியாகப் பிடி" என்று நூறு முறை சொல்வதைவிட இது மேல். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் மட்டும் துண்டுகளைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். தொண்டையில் சிக்கும்.

இரண்டாவது, காகிதத்தைத் தரையிலிருந்து எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். குழந்தை நின்றால் அதன் கண் உயரத்துக்குக் காகிதத்தின் நடுப்பகுதி வரட்டும். நிமிர்ந்த பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு பின்பக்கமாக மடங்குகிறது. உங்கள் கையிலேயே செய்து பாருங்கள்: மணிக்கட்டைப் பின்னால் மடக்கினால் விரல்கள் தாமே உள்ளே வளையும். முன்னால் மடக்கினால் விரிந்து பலமிழக்கும். சுவரில் வரைகிற குழந்தைக்குத் தோளுக்கும் வேலை கிடைக்கிறது.

மூன்றாவது, நிரப்பும் இடத்தைச் சின்னதாக்குங்கள். பெரிய யானையைக் கொடுத்தால் கை தோளிலிருந்துதான் ஆடும். சுவரில் ஒட்டிய தாளில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு ஏழெட்டு வட்டம் வரையுங்கள். "இந்தக் கோழிக்குஞ்சுக்கெல்லாம் பசி, வயிற்றை நிரப்பு" என்று சொல்லிவிட்டு விலகிவிடுங்கள். அத்தனை சின்ன இடத்துக்குள் தோளால் ஆட முடியாது.

ஒரு நாளைக்கு ஐந்து, பத்து நிமிடம் போதும். நாலைந்து வாரம் விடாமல் செய்துவிட்டுப் பாருங்கள். முடிவில் மூன்று விரலுக்குப் பதில் நாலு விரலில் பிடித்தாலும் அது நல்ல பிடிதான். அதைத் திருத்தப் போகாதீர்கள்.

கேள்வி: கடையில் ஸ்கெட்ச், க்ரேயான், கலர் பென்சில், ஆயில் பேஸ்டல் என்று நிறைய இருக்கிறது. நாலு வயசுப் பெண்ணுக்கு எதை வாங்குவது? போனில் கலர் அடிக்கும் ஆப் இருக்கிறதே, அதுவும் பழக்கம்தானே?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: மெழுகு க்ரேயான் வாங்குங்கள், அதிலும் தடியானது. காகிதத்தில் இழுக்கும்போது அது உரசித் தடுக்கும். அந்தத் தடுப்பை எதிர்த்துத் தள்ளுவதில்தான் விரல் தசை தேறுகிறது. ஸ்கெட்ச் பேனா தொட்டாலே நிறம் கொட்டுவதால் கைக்கு வேலை இல்லை. (மூடியைப் பிடுங்கி, திரும்ப அழுத்தி மூடுவது மட்டும் நல்ல பயிற்சி.) ஆயில் பேஸ்டல் மென்மையானது. கையில் பலம் குறைந்த குழந்தைக்கு அது உற்சாகம் தரும், ஆனால் ஒரே வாரத்தில் உடைந்து தீர்ந்துவிடும். கலர் பென்சிலை நாலரை, ஐந்து வயதுக்குத் தள்ளிப் போடுங்கள். நிறம் வருவதற்கே அழுத்த வேண்டியிருப்பதால் சின்னப் பிள்ளைகள் சலித்துவிடும். வாங்கும்போது முக்கோண வடிவில் இருப்பதைப் பாருங்கள். மூன்று விரலுக்கும் மூன்று பக்கம் கிடைக்கும்.

12 நிறப் பெட்டி போதும். 48 நிறத்தைத் திறந்து வைத்தால் குழந்தை எடுப்பதிலும் வைப்பதிலுமே நேரம் போக்கும்.

போன் ஆப் பழக்கமாகாது. கண்ணாடி மேல் விரல் வழுக்குகிறது, எதையும் கிள்ளிப் பிடிக்கவில்லை, அழுத்தவும் இல்லை. தொட்டதும் கட்டம் முழுக்க நிறம் நிரம்பிவிடுகிறது. கோட்டருகே வந்ததும் கையை நிறுத்தும் கலைதான் கலர் அடிப்பதன் உயிர். அது அங்கே இல்லை. இரண்டு முதல் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு எல்லாத் திரையும் சேர்த்தே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணியையும் இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. எப்படிக் கலர் அடித்தாலும் கோட்டைத் தாண்டிவிடுகிறாள். மற்றப் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோட்டுக்குள் நிற்க எப்படிப் பழக்குவது?
(ஒரு தாய், திருவையாறு)

பதில்: மற்றப் பிள்ளைகளின் நோட்டை மூடி வைத்துவிட்டு, உங்கள் மகள் எந்த இடத்தில் தாண்டுகிறாள் என்று பாருங்கள். எல்லாப் பக்கமும் சீராகத் தாண்டினால் கை இன்னும் நிறுத்தப் பழகவில்லை. ஒரே பக்கம், அதாவது வலக்கைப் பிள்ளைக்கு இடது ஓரத்தில் மட்டும் தாண்டினால், பெரும்பாலும் காகிதம் நகர்கிறது. இடக்கை சும்மா மடியில் கிடக்கும். "இந்தக் கை காகிதத்துக்குக் காவல்" என்று சொல்லிக் காகிதத்தின் மேல் வைக்கப் பழக்கினாலே பாதி சரியாகும். கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் கண்ணைச் சோதித்துவிடுங்கள்.

நிறுத்தப் பழகாத கைக்குக் கோட்டைக் கண்ணால் காட்டினால் போதாது, கையால் தொட்டு உணர வைக்க வேண்டும். ஒரு கெட்டி அட்டையில் படத்தை வரைந்து, கோட்டின் மேல் ஃபெவிகாலைப் பிதுக்கி வரப்பு மாதிரி போட்டு, இரவு முழுக்கக் காய விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ஒரு நாள் கூடுதலாக ஆகும். அரைகுறையாகக் காய்ந்தால் க்ரேயான் பசையை இழுத்துக்கொண்டு வந்து படமே பாழாகும். காய்ந்ததும் அது தெளிந்த வரப்பாக நிற்கும். க்ரேயான் முட்டும்போது குழந்தைக்கு "இங்கே நில்" என்பது கைக்கே தெரியும். ஃபெவிகாலுக்குப் பதில் கம்பளி நூலையும் ஒட்டலாம். இரண்டு வாரம் வரப்பு, அடுத்த இரண்டு வாரம் மார்க்கரால் போட்ட அரை சென்டிமீட்டர் தடிப்புக் கோடு, அதன் பிறகு சாதாரணக் கோடு. அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே வரப்பை எடுத்துவிடுகிறார்கள், அங்கேதான் தவறுகிறது.

நிரப்பும் முறையும் ஒன்று இருக்கிறது. எடுத்த எடுப்பில் நடுவில் தேய்க்கத் தொடங்கினால் வேகம் கூடிக் கோட்டைத் தாண்டும். முதலில் கோட்டின் உட்புறமாக ஓரத்தை ஒரு சுற்று மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள், வயலில் வரப்போரம் வெட்டிவிட்டு உள்ளே இறங்குவதுபோல. பிறகு நடுவைச் சின்னச் சின்ன வட்டமாகவோ ஒரே திசைக் கோடாகவோ நிரப்பட்டும்.

படத்தைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்குப் பிடித்தது தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை. அடியில் பரந்த பாவாடை, நடுவில் உடம்பு, மேலே சின்ன முகம், அதற்குள் பொட்டு. பெரிய இடம், நடுத்தர இடம், சின்ன இடம் மூன்றும் ஒரே படத்தில் வந்துவிடுகின்றன. பாவாடையில் தோளும் முழங்கையும் ஆடும், பொட்டுக்கு வரும்போது விரல் மட்டும் அசையும். ஏ4 தாள் முழுக்க வரையுங்கள். அச்சிட்ட புத்தகங்களில் ஒரே பக்கத்தில் முப்பது சின்னப் பூவைப் போட்டிருப்பார்கள். அதெல்லாம் ஆறு வயதுக்கு மேல்.

கேள்வி: பேரன் இடது கைக்காரன். நாலு வயசாகிறது. க்ரேயானை வலது கையில் மாற்றிக் கொடுத்தால் மறுபடி இடது கைக்கே போகிறது. இப்போதே மாற்றிவிட்டால் நல்லதில்லையா?
(ஒரு அப்பாயி, திருத்துறைப்பூண்டி)

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. பத்துப் பேரில் ஒருவர் இப்படித்தான் பிறக்கிறார்கள். இது மூளையின் அமைப்பு, பழக்கக் கோளாறு கிடையாது. வலுக்கட்டாயமாக மாற்றினால் அவனுக்கு எழுதுவதே பிடிக்காமல் போய்விடும். சாமி கும்பிடவும் சாப்பிடவும் உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதை மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள், பென்சிலை மட்டும் அவன் போக்கில் விட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது வேறு. தமிழ் இடமிருந்து வலமாகப் போவதால் இடக்கைப் பிள்ளையின் கையே தான் அடித்த நிறத்தை மறைக்கும், தேய்க்கும். அதைப் பார்ப்பதற்காக மணிக்கட்டைக் கொக்கிபோல வளைத்துக்கொள்வான். அந்த வளைவு பழகிவிட்டால் பின்னால் கை வலிக்கும். காகிதத்தை அவன் உடம்புக்கு நேர் நடுவில் வைக்காமல் சற்று இடப்பக்கமாக வையுங்கள். காகிதத்தின் மேல் பக்கம் வலப்புறம் சாய்ந்திருக்கட்டும். (வலக்கைப் பிள்ளைக்கு இதற்கு நேர் எதிர்.) க்ரேயானின் முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கட்டும், அப்போது வரைவது தெரியும். பள்ளியில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவைக்கும்படி மகனையோ மருமகளையோ மிஸ்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு நாள் முழுக்க இடிபடுவான்.

கேள்வி: மூன்று வயது மகன் க்ரேயானைக் கடித்துத் தின்கிறான். பலப்பத்தையும் விடுவதில்லை. விஷமாகிவிடுமா?
(வாசகி, வேதாரண்யம்)

பதில்: பெட்டியில் நச்சற்றது என்று போட்டிருக்கும் மெழுகு க்ரேயானில் ஒரு சிறு துண்டு வயிற்றுக்குள் போனால் பொதுவாகத் தீங்கில்லை, மலத்தோடு போய்விடும். பெரிய துண்டு தொண்டையில் அடைப்பதுதான் ஆபத்து. அதனால் இப்போதைக்குத் தடியான, உடையாத க்ரேயானைக் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள்.

க்ரேயானைவிட எங்களுக்குப் பலப்பம்தான் கவலை. க்ரேயான், பலப்பம், சுவர்ச் சுண்ணாம்பு, மண், பச்சரிசி என்று ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்து தின்றால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்த சோகை. குடற்புழு மாத்திரை எப்போது கொடுத்தோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் ஏறினால் பலப்பம் தின்பது பல பிள்ளைகளுக்குத் தானே நின்றுவிடும். அடித்தால் நிற்காது.

கேள்வி: ஐந்து வயதுப் பையன். கலர் அடி என்றாலே ஓட்டம். புத்தகத்தைத் திறந்தால் அழுகை. விரல் பழக்கத்துக்கு வேறு வழியே இல்லையா?
(ஒரு தந்தை, பாபநாசம்)

பதில்: நிறைய இருக்கிறது, எல்லாம் உங்கள் வாசலிலும் அடுக்களையிலும் இருக்கிறது.

கோலத்திலிருந்து தொடங்குங்கள். பையனுக்கு எதற்குக் கோலம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மாவை எடுக்கும் விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் மாவைக் கிள்ளிப் பிடிக்க, நடுவிரல் அடியில் தாங்குகிறது. கட்டை விரல் மெல்லத் தேய்க்கத் தேய்க்க மாவு இழையாக இறங்குகிறது. பென்சில் பிடிப்பதும் இந்த மூன்று விரல்தான். இந்தப் பிடியை நாங்கள் கோலப் பிடி என்றே சொல்வோம். கடையில் விற்கும் கல்மாவு வேண்டாம், தூசி கண்ணிலும் மூக்கிலும் ஏறும். சாயம் கலந்த கலர்ப் பொடியும் வேண்டாம். பச்சரிசியைக் கொஞ்சம் கரகரப்பாகத் திரித்துக் கொடுங்கள். நைசாக இருந்தால் சின்ன விரலில் ஒட்டிக்கொண்டு விழாது. முதல் வாரம் புள்ளி மட்டும், ஒரு கிள்ளுக்கு ஒரு புள்ளி. இரண்டாம் வாரம் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு. அப்புறம் புள்ளியைச் சுற்றி வளைத்துப் போகும் சிக்குக் கோலம், மூன்று புள்ளிக்கு மேல் வேண்டாம். "ன", "ண" எழுதும்போது பிள்ளைகள் தடுமாறும் சுழி அந்த வளைவில் பழகிவிடும்.

மாக்கோலமும் போடலாம். அரைத்த மாவில் சின்னத் துணியை நனைத்து, உள்ளங்கையில் அடக்கிப் பிழிந்து, விரல் வழியாக வழிய விட வேண்டும். அந்தப் பிழிதல் உள்ளங்கைத் தசைக்கு நல்ல உரம்.

அடுத்தது பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை. ஒரு குழியில் இருப்பதை எல்லாம் ஒரே கையில் அள்ளி உள்ளங்கைக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாக விரல் நுனிக்குக் கொண்டுவந்து போட வேண்டும். உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்குப் பொருளை நகர்த்தும் இந்த வித்தை தெரிந்தால்தான், க்ரேயானைக் கீழே வைக்காமல் கைக்குள்ளேயே மேலே கீழே தள்ளிப் பிடிக்க முடியும். இன்னொரு கையின் உதவியைக் கேட்டால் "ஒரு கைதான்" என்று விதி வையுங்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் கொட்டையை எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி வையுங்கள். மூக்கில் போட்டுக்கொள்ளும்.

ஆற்று வண்டல் மண் கிடைத்தால் சுண்டைக்காய் அளவு உருண்டை பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளங்கைக்கு நடுவில் உருட்டாமல், மூன்று விரல் நுனியில் மட்டும். வேர்க்கடலை உரிப்பது, பச்சை மொச்சை பிதுக்குவது எல்லாம் இதே கணக்கில் சேரும்.

பையன் வண்ணத்தையே வெறுக்கவில்லை, புத்தகத்தைத்தான் வெறுக்கிறான் என்று நினைக்கிறோம். அப்படியானால் வண்ணத்தை அவனே தயாரிக்கட்டும். சங்குப்பூ பத்தை அரை டம்ளர் வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும், ஆறியதும் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் ஊதாவாக மாறும். கால் டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள், அதில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டால் செங்காவியாகும். சுண்ணாம்பு போட்டாலும் சிவக்கும், ஆனால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, குழந்தை இருக்கும் இடத்தில் எடுக்காதீர்கள். பீட்ரூட்டைத் துருவித் துணியில் பிழியச் சொல்லுங்கள், பிழிவதும் அவன் வேலைதான். நீர்க்க ஓடினால் ஒரு கரண்டி அரிசிக் கஞ்சி கலந்தால் கெட்டிப்படும். அன்றே பயன்படுத்துங்கள், மறுநாள் புளித்து நாறும். இங்க் ஃபில்லரால் ஒவ்வொரு சொட்டாகக் காகிதத்தில் விடுவதும் கிள்ளும் பயிற்சிதான். வெண்டைக்காய்க் காம்புப் பக்கத்தையும் வாழைத்தண்டையும் குறுக்கே வெட்டி அச்சுப் பதிக்கலாம். மஞ்சள் பட்ட துணியை வெயிலில் போட்டால் கறை பெரும்பாலும் வெளுத்துவிடும், அதற்காகத் திட்ட வேண்டாம்.

கேள்வி: ஒரு மகள் காகிதம் கிழிய அழுத்துகிறாள். இன்னொருத்தி அடித்தால் நிறமே தெரிவதில்லை. இரட்டைப் பிள்ளைகள், வயது ஐந்து.
(ஒரு தாய், மயிலாடுதுறை)

பதில்: அழுத்துகிறவளுக்குத் தன் கை எவ்வளவு பலம் போடுகிறது என்று தெரியவில்லை. காகிதத்தின் அடியில் நாலாக மடித்த துண்டை வைத்து, ஓட்டை விழாமல் அடிப்பதையே விளையாட்டாக்குங்கள். ஒரே நிறத்தில் மேகம் வெளிறியும் மழைமேகம் கறுத்தும் வரையச் சொல்லுங்கள்.

லேசாக அடிப்பவளுக்குக் கார்பன் தாள். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்துக் கொடுங்கள். அடித்தாளில் படம் விழுந்ததா என்று அவளே தூக்கிப் பார்ப்பாள். இருவருக்கும் சேர்த்து ஒன்று: பூவரசு இலையை நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மெல்லிய தாளால் மூடி, தோல் உரித்த க்ரேயானைப் படுக்க வைத்துத் தேய்க்கட்டும். அளவான அழுத்தத்துக்குத்தான் நரம்பு எழும்பும். அழுத்தினால் இலை நசுங்கும், லேசாகப் போனால் ஒன்றும் வராது. கோரைப் பாய், பனையோலை விசிறியிலும் செய்யலாம்.

கேள்வி: நான் குழந்தைகள் மையத்தில் பணியாற்றுகிறேன். 22 பிள்ளைகள், மேசை கிடையாது. உடைந்த க்ரேயான் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. எழுத்து சொல்லிக்கொடுங்கள் என்று பெற்றோர் நெருக்குகிறார்கள்.
(வாசகி, நீடாமங்கலம்)

பதில்: அந்த டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உடைந்த துண்டே சிறந்த கருவி. பொடியாகிப் போனதைச் சேர்த்து உருக்கலாம். நேரடியாக அடுப்பில் வைத்தால் மெழுகு புகைந்து தீப்பிடிக்கும், ஆகவே கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு சின்னப் பாத்திரத்தை வைத்து, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு செய்யுங்கள். இனிமேல் சமையலுக்கு எடுக்காத பழைய பணியாரச் சட்டியில் துளி எண்ணெய் தடவி ஊற்றி, முழுக்க ஆறியதும் தட்டினால் கழன்று வரும். இரண்டரை வயதுப் பிள்ளை உள்ளங்கையால் கவ்விக்கொள்ள அந்த உருண்டை வாகாக இருக்கும், வாய்க்குள் நுழையாத அளவுக்குக் குழியை நிரப்பி ஊற்றுங்கள்.

மேசை இல்லாதது குறையே இல்லை. பழைய காலண்டர் தாள்களை முதுகுப்புறம் தெரியும்படி சுவர் நெடுக ஒட்டினால் எட்டுப் பேர் வரிசையாக நின்று வரையலாம். எட்டுப் பேர் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றித் தரையில் வரையட்டும், தோளுக்கு அது நல்லது, ஐந்து நிமிடத்துக்கு மேல் கழுத்து நோகும். மீதி ஆறு பேருக்கு ஒரு வாளித் தண்ணீரும் வெள்ளையடிக்கும் மட்டையும் கொடுத்து வெளிச்சுவரில் "வெள்ளை" அடிக்கச் சொல்லுங்கள். வெயிலில் காய்ந்ததும் சுவர் மறுபடி தயார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மூன்று குழுவும் இடம் மாறட்டும், படுத்திருப்பவர்களை மட்டும் ஐந்து நிமிடத்தில் எழுப்பி உட்கார வைத்துவிடுங்கள்.

பெற்றோரிடம் இந்த வரிசையைக் காட்டுங்கள். பார்த்து வரைவதில் நேர்நிலைக் கோடு சுமார் 2 வயதில், படுக்கைக் கோடு இரண்டரையில், வட்டம் 3இல், கூட்டல் குறி 4இல், சதுரம் நாலரையில், முக்கோணம் 5இல் வரும். சாய்கோடுகள்தான் கடைசி. இதில் வட்டமும் கூட்டல் குறியும் வராத கையில் "அ" எழுத வைப்பது என்ன நியாயம்? அதில் சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நேர்கோடு எல்லாம் ஒன்றாக இருக்கிறது. வாசிக்க "அ"வில் தொடங்கட்டும், எழுதத் தொடங்குவது "ட", "ப", "ம" ஆகட்டும். நேர்கோடும் படுக்கைக்கோடும் தெரிந்த குழந்தைக்கு "ட" இரண்டே கோடு.

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது எட்டு மாதம். குறைமாதத்தில் பிறந்தவள். வட்டம் வரவில்லை. எவ்வளவு நாள் காத்திருக்கலாம், எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?
(ஒரு தாய், நாகப்பட்டினம்)

பதில்: குறைமாதத்தில் பிறந்தவள் என்பதாலேயே காத்திருக்க வேண்டாம், இப்போதே ஒரு முறை காட்டிவிடுங்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பினால் நட்டமில்லை.

பொதுவாக எல்லோரும் கவனிக்க வேண்டியவை இவை: ஒரு வயது முடிவதற்குள்ளேயே ஒரே கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை மூடியே வைத்திருப்பது (அது இடக்கைப் பழக்கம் ஆகாது, மறு கை பலவீனமாக இருக்கலாம்), பொருளை எடுக்கும்போது கை நடுங்குவது, நாலு வயதாகியும் பட்டனையோ மூடியையோ திறக்க முயலாமலே இருப்பது, ஐந்து வயதிலும் உலக்கைப் பிடி மாறாதது. முன்பு செய்த ஒன்றை இப்போது செய்ய முடியாமல் போனால் மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்கள் இயங்குகின்றன. கிராம செவிலியரிடமோ குழந்தைகள் மையத்திலோ கேட்டால் உங்களுக்கு அருகில் உள்ள மையத்தைச் சொல்வார்கள். கட்டணம் கிடையாது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (கை, விரல் வேலைகளைப் பார்த்துப் பயிற்சி கொடுப்பவர்) பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

போகும்போது அவள் கடைசி ஒரு மாதத்தில் கிறுக்கிய தாள்களில் நாலைந்தை, ஒவ்வொன்றிலும் தேதி குறித்து எடுத்துச் செல்லுங்கள். அவள் வரைவதைப் பக்கவாட்டிலிருந்து, தோள் முதல் விரல் வரை தெரியும்படி, ஒரு நிமிடம் போனில் படம் பிடித்து வையுங்கள். புது இடத்தில், புது ஆளின் முன்னால் பல குழந்தைகள் க்ரேயானைத் தொடக்கூட மாட்டார்கள். அப்போது அந்தத் தாள்களையும் படத்தையும் வைத்தே அவர் நிறையத் தெரிந்துகொள்வார். பிறந்தபோது இருந்த எடை, எத்தனையாவது வாரத்தில் பிறந்தாள் என்ற விவரம் உள்ள டிஸ்சார்ஜ் சீட்டையும் மறக்காமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.